கடைசிக் கதவு

"நம்ம ஊர்ல ஆளே கிடையாதாம், பாப்பா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உள்ளே வந்தான்.

நான் ஒரு திரைச்சீலையின் அடிமடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. தலையில் பாதி நரைத்துவிட்டது. இருந்தாலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"யாரு சொன்னா அப்படி?"

"பஸ் டிரைவர். அடுத்த மாசத்தோட நம்ம பஸ்ஸ நிறுத்தறாங்களாம். வீடு வீடா கணக்கு எடுத்தாங்களாம், எல்லா வீடும் காலியாம். காலி வீட்டுக்கு எதுக்கு பஸ்ஸுன்னு மேல கேட்டாங்களாம்."

துணியைத் தூக்கி மெஷின் மேல் எறிந்தேன். காலியா? ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டில் தூக்கம் கெடுகிற ஊர் இது. குளியலறைக்கு வரிசையில் நிற்கிற குடும்பங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். வாடகைக்கு ஒரு அறை கேட்டால் சிரிப்பார்கள். இதைப் போய்க் காலி என்று எழுத ஒருவனுக்குக் கை வந்திருக்கிறது என்றால் அந்தக் கையை என்னவென்று சொல்வது!

"அப்போ நீ வேலைக்கு எப்படிப் போவே?" என்றேன்.

அண்ணன் சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் சுருக்கம் விழாமல் மாட்டினான். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் இருக்கிறான். எந்த டாக்டர் எந்த அறையில் இருப்பார், யாருக்கு எந்தக் குரலில் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தினமும் தனியாகப் போய்த் தனியாக வருவான். கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் "உங்களுக்கு வழி தெரியலையா, நான் காட்டவா?" என்று கேட்டு அனுப்பிவிடுவான்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஆம்பளைங்க விடுதி ஒண்ணு இருக்காம்" என்றான். "ஒரு ரூமுக்கு ஆறு பேரு. சூப்பர்வைசர் பேசி வைக்கறேன்னாரு."

நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னான். இந்த வீட்டில் எந்தத் தட்டில் எந்தத் தம்ளர் என்று விரலால் அறிந்தவன், ஆறு பேர் செருப்பு தடுக்கும் அறைக்குப் போய் ஒரு கட்டிலில் ஒடுங்கிக் கிடப்பானா? என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்; மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். இவனும் போய்விட்டால் நான் மெஷினோடு பேசிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதுவும் இருக்கிறது, மறைப்பானேன்.

"நீ எங்கயும் போகல" என்றேன். "பஸ்ஸு வரும்."

"எப்படி வரும்?"

"வரவைப்பேன்."

"டிரைவர் நல்ல மனுஷன் பாப்பா. அவர்கிட்ட சண்டைக்குப் போயிடாதே" என்றான் அண்ணன். என்னைத் தெரிந்தவன்.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊர் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுதான். உண்மையில் பட்டணத்து ஓரத்தில் சில வரிசை வீடுகள். ஒரு பாட்டில் தொழிற்சாலை தன் ஆட்களுக்காகக் கட்டிக்கொடுத்தது. வரைபடத்தில் வீட்டின் முன்னறை, பெரிய ஜன்னல், வாசல் எல்லாம் தெருவைப் பார்த்து இருந்தன. சமையலறையும் குளியலறையும் பின்னால் சந்தைப் பார்த்து இருந்தன; சாக்கடை அந்தச் சந்தில் ஓடுவதாக ஏற்பாடு. கட்ட வந்த எஞ்சினியர் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். அஸ்திவாரம் முழுக்கப் போட்ட பிறகுதான் ஒருவருக்கு உறைத்ததாம். எஞ்சினியர் அசரவில்லை. "தெருவுல தூசி. குடும்பத்துக்குச் சந்துதான் நல்லது. வேணும்னேதான் அப்படிக் கட்டினேன்" என்று முதலாளியிடம் அடித்துச் சொல்லிவிட்டார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். ஆக, எங்கள் வீடுகள் எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தெருவில் போகிறவன் கண்ணில் படுவது புகைபோக்கியும் குளியலறை ஜன்னலும் சாத்திய கதவும்தான். சாக்கடைக்கு வேறு வழி செய்ய வேண்டி வந்தது. நாங்கள் உட்கார்வது, சண்டை போடுவது, துணி காயப்போடுவது, கல்யாணம் பேசுவது எல்லாம் உள்ளே, சந்தில்.

சந்து இருக்கிறதே, அது இரண்டு சைக்கிள் உரசிக்கொண்டு போகிற அகலம். அதன் வாயில் கம்பெனிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். அதனால் வெளியே வருகிற இடத்தில் ஒரு முடக்கு. முதல் வருடத்திலேயே உலைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் தூக்கத்தில் இறந்துபோனார். தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்த முடக்கில் திரும்ப முடியாமல் நின்றார்கள். இப்படித் திருப்பினார்கள், அப்படித் திருப்பினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, சமையலறைக்குள் புகுந்து, அழுக்குத் தண்ணீர் கொட்ட வைத்திருந்த தெருப்பக்கக் கதவைத் திறந்து வெளியே எடுத்துப் போனார்கள். வண்டி கிளம்புவதற்கு முன்பே அவர் மனைவி அந்தக் கதவைப் படாரென்று சாத்திவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு யார் இறந்தாலும் அந்தக் கதவு வழியாகவே எடுத்தார்கள். வண்டி நகரும் முன் சாத்தினார்கள். மற்ற நாட்களில் அதைத் தொடுவதைக் குறைத்து, குறைத்து, பிறகு விட்டே விட்டார்கள். கதவுக்கு முன்னால் அலமாரி வந்தது, அரிசி டின் வந்தது, ஃபிரிட்ஜ் வந்தது. பேரும் வந்தது: கடைசிக் கதவு. உடம்பு சரியில்லாதவர்களை ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் நாற்காலியில் உட்காரவைத்துச் சந்து வழியாகத்தான் தூக்கிப்போவோம். பத்து பேர் மூச்சுவாங்கினாலும் சரி, உயிரோடு இருப்பவருக்கு அந்தக் கதவு கிடையாது. எங்கள் ஊரில் கோபம் தலைக்கேறினால் "உனக்குக் கடைசிக் கதவு திறக்க!" என்றுதான் திட்டுவார்கள்.

தொழிற்சாலை மூடி வெகுகாலம் ஆகிறது. ஊர் மூடவில்லை. பாட்டில்காரர்களின் பிள்ளைகள் நர்ஸாகவும் காவலாளியாகவும் துணிக்கடைப் பெண்ணாகவும் ஆனார்கள். வெளியிலிருந்து குடிவந்தவர்களும் ஒரு சாவைப் பார்த்தவுடன் அலமாரியை நகர்த்தி அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் தொழில் கிடைத்தது. அலமாரிக்குப் பின்னால் கதவின் மேல்விளிம்பு தெரிகிறது, அதையும் மறைத்துவிடு என்று வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். மேலே கம்பி, மூன்று மடிப்பு, உள்ளே லைனிங் துணி, தரை வரை தொங்கல். இந்த ஊரின் கடைசிக் கதவுகள் எல்லாவற்றுக்கும் திரை தைத்துக் கொடுத்தவள் நான்தான்.

அண்ணனுக்கு விடுமுறை வந்த அன்று இரண்டு பேரும் கணக்கெடுப்பு ஆபீஸுக்குப் போனோம். உள்ளே இருந்தவர் ஒரு பெண். தடித்த கண்ணாடி, தலைவலிக்கிற முகம். எங்கள் வீட்டு நம்பரைச் சொன்னேன்.

"காலி" என்றார்.

"காலியா? அப்போ நான் யாரு மேடம், பேயா? இதோ நிக்கிறானே, இவன் யாரு?"

"கோபப்படாதீங்கம்மா. எங்க ஆளுங்க ரெண்டு தடவ வந்து தட்டியிருக்காங்க. யாரும் திறக்கல. ரெண்டு தடவ திறக்கலன்னா காலின்னுதான் போடுவோம்."

"எந்தக் கதவத் தட்டினாங்க?"

"தெருவுல நம்பர் போட்டிருக்கிற கதவத்தான். வேற எதத் தட்டுவாங்க?"

பக்கத்தில் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அன்னிக்கு அலமாரிக்குப் பின்னால யாரோ தட்டறாங்கன்னு சொன்னேன்ல? நீ என்ன சொன்னே?"

எலி என்று சொன்னேன். பொறி வைக்க வேண்டும் என்று கூடச் சொன்னேன். மேடத்தின் முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததே என்று எனக்கு அண்ணன் மேல் ஆத்திரம். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தை நாங்கள் எல்லோரும் காதில் வாங்காமல் இருக்கப் பழகிவிட்டோம். தபால்காரர் எங்கள் ஊர்க்காரர், அவருக்குச் சந்து தெரியும். கணக்கெடுக்க வந்த வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் விளக்கினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சந்து வழியா வந்து எண்ணுங்களேன்" என்றேன்.

"எங்க மேப்புல அது சாக்கடை. சாக்கடைக்குள்ள குடும்பம் நடத்தறாங்கன்னு நான் எழுதினா என் வேலை போயிடும்."

"சரி, நாங்க எல்லாரும் தெருவுல வந்து நிக்கறோம். எண்ணிக்கோங்க."

"அதுவும் முடியாதும்மா. போன தடவ ஒரு இடத்துல மாமியார் வீடு, சம்பந்தி வீடு எல்லாத்தையும் வேன்ல கொண்டுவந்து ரோட்டுல நிறுத்திட்டாங்க. அதுலேருந்து ரூல் போட்டாச்சு. நம்பர் போட்ட கதவு உள்ளேருந்து திறக்கணும். திறந்தா உள்ள இருக்கறவங்கள நான் எண்ணுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை காலையில நானே வரேன். ஒரே ஒரு தடவதான். திறக்காத வீடு காலி."

நல்லவர்தான். ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஊர் முழுக்கக் கடைசிக் கதவைத் திறக்க வேண்டும். ஒரு சாவும் இல்லாமல்.

அன்று சாயங்காலமே சந்தில் எல்லோரையும் கூட்டினேன். கூட்டுவது என்ன, எல்லோரும் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரிப்பு, பிறகு ஆபீஸுக்குத் திட்டு, பிறகு கதவு என்ற வார்த்தை வந்ததும் கப்சிப்.

எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் கிலோ மாமா. தொழிற்சாலையில் எடைமேடையில் இருந்தவர். இன்னும் எதையும் எடைபோட்டுத்தான் பேசுவார். அவர் வாசலில் நாற்காலி போட்டு அவர் மனைவி, எங்களுக்கு அத்தை, உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு இருதயம் சரியில்லை. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துச் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதன் அர்த்தம் சந்துக்கே தெரியும்.

"பஸ் வேணும்தான்" என்றார் மாமா. "ஆனா வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கும்போது யாராவது அந்தக் கதவத் திறப்பாங்களா? அந்தக் கதவு வழியா போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா, சொல்லு பார்ப்போம்?"



"மாமா, அது வெறும் மரம்" என்றேன். "எஞ்சினியர் ஒருத்தர் படத்தத் தலைகீழாப் பிடிச்சதுக்கு நாம காலம் பூரா பயந்து சாகணுமா?"

"உன் பேச்சு நூறு கிராம் தேறாது. உக்காரு."

மேஸ்திரி எழுந்தார். கடைசி வீட்டுக்காரர், தன் அப்பாவை எடுத்துப்போன மறுநாளே அந்தக் கதவுக்குப் பின்னால் செங்கல் வைத்துப் பூசிவிட்டவர். "என் வீட்டுல கதவே கிடையாது. சுவர்தான். இதுல எனக்குப் பேச ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். உன் அண்ணன் வேலைக்குப் போகணும்னு நாங்க எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாவக் கூப்பிடணுமா?"

எனக்குச் சுரீரென்றது. அண்ணன் அங்கேதான் இருந்தான். எழுந்து, சுவரை விரலால் தொட்டுக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டான். அவன் அப்படிப் போனதைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என் அண்ணன் மட்டுமா பஸ்ல போறான்? உங்க மருமக எதுல டியூட்டிக்குப் போறா? உங்க பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் பறந்தா போகுதுங்க? இன்னிக்குக் காலின்னு எழுதினவன் பஸ்ஸ நிறுத்தறான். நாளைக்குக் காலி வீட்டுக்கு எதுக்குக் கரண்ட்டும்பான், எதுக்குத் தண்ணிம்பான். அப்புறம் என்ன செய்வீங்க? உயிரோட இருக்கும்போதே நம்மளச் செத்தவங்க கணக்குல சேத்துட்டாங்க. இதுக்கு மேல எந்தச் சாவு வரணும்? ஒவ்வொரு வீட்டுலயும் அந்தக் கதவு எங்க இருக்கு, எவ்வளவு அகலம், எல்லாம் எனக்குத் தெரியும். திரை தைச்சவ நான். நான் முதல்ல என் வீட்டுக் கதவத் திறக்கறேன். என்ன ஆகுதுன்னு எல்லாரும் பாருங்க!"

பெரிய பேச்சுதான் பேசிவிட்டேன். மறுநாள் காலையில் சமையலறையில் அலமாரி முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, என்னால் முடியவில்லை. அலமாரி கனம் என்பதால் இல்லை. பாத்திரங்களை இறக்கிவிட்டால் ஒரு கையால் தள்ளலாம். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவை அந்த வழியாகத்தான் எடுத்துப்போனார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தியது இந்தக் கை. வண்டிச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று அழுதுகொண்டே அலமாரியை இழுத்து முட்டுக்கொடுத்ததும் இந்தக் கைதான். இப்போது அதே அலமாரியில் கையை வைத்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"எவ்வளவு நேரம் அத மாவு மாதிரி பிசைஞ்சுட்டு நிப்பே?" என்று அண்ணன் பின்னால் வந்தான்.

"பயமா இருக்குண்ணா."

"எனக்கும்தான்" என்றான். "ஆனா விடுதிய நினைச்சா அதுக்கு மேல பயமா இருக்கு. ஆறு பேருல ஒருத்தனாவது குறட்டை விடுவான். நகரு."

இரண்டு பேருமாகத் தள்ளினோம். அலமாரிக்குப் பின்னால் திரை, திரைக்குப் பின்னால் கதவு. தரையில் தூசிக்குள் ஒரு நீளக் கரண்டி கிடந்தது. அம்மாவின் கரண்டி. பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டாள் என்று நான் ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்த அதே கரண்டி. அதை எடுத்து முந்தானையில் மறைத்தேன். அண்ணனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். "கரண்டியா?" என்றான் அவன், சத்தத்தை வைத்தே.

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. மெஷின் எண்ணெயை ஊற்றினேன். அண்ணன் அதை அசைத்து அசைத்து இழுத்துக் கதவைத் தள்ளினான். கதவு ஒரு முனகலோடு வெளிப்பக்கம் திறந்தது.

வெளிச்சம் கொட்டியது. ஐயோ, என் சமையலறை இவ்வளவு அழுக்கா! சுவர் முழுக்க எண்ணெய்ப் படலம், மூலையில் ஒட்டடை. எனக்கு அழுவதா துடைப்பதா என்று தெரியவில்லை. அம்மா பார்த்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அப்போது சரியாக பஸ் வந்து நின்றது. நேர் எதிரே. எங்கள் படியிலிருந்து எட்டிக் கையைப் பிடிக்கிற தூரத்தில்.

"இவ்வளவு பக்கத்துலயா நிக்குது?" என்றான் அண்ணன். தினமும் சந்தைச் சுற்றி, முடக்கைச் சுற்றி, தெருவைச் சுற்றி அங்கே போய் நின்றவன். "நான் என்ன பைத்தியமா, இத்தனை வருஷமா?"

நாங்கள் வெளியே கால் வைக்கவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இன்னும் வரவில்லை. படியிலேயே நின்றோம்.

செய்தி சந்தில் பரவியது. ஒவ்வொருவராக எங்கள் முன்வாசல் வழியாக வந்து, சமையலறை வாசலில் நின்று, திறந்த கதவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கிலோ மாமாவும் அவர் மகனும் அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமாவின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"பாக்கணும்னு ஒரே பிடிவாதம்" என்றார்.

அத்தை ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாய் போனது. ஒரு பெண் குடையோடு போனாள்.

"நம்ம வீட்டுலயும் திறங்க" என்றார் அத்தை.

"நீ சும்மா இரு."

"என்னத்துக்குச் சும்மா இருக்கணும்? என்னிக்கோ ஒரு நாள் என்னை அந்த வழியாத்தானே தூக்கிட்டுப் போகப் போறீங்க? அப்ப எனக்குக் கண்ணு தெரியாது. இப்பத் தெரியுது. போற வழிய நான் வெளிச்சத்துல பாக்கணும். சனிக்கிழமை என்னையும் ஆளா எண்ணட்டும். செத்ததுக்கு அப்புறம் காலின்னு போட்டுக்கட்டும்."

மாமா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். "உனக்காகத்தான்டி பயந்தேன். எனக்குத் தைரியம் அரைக்கிலோ கூட இல்லடி" என்றார். அத்தை அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? சாகப்போகிறவளே திறக்கச் சொல்லும்போது கல்லுக்குண்டு மாதிரி இருப்பவர்கள் பயப்பட முடியுமா? வெள்ளிக்கிழமை முழுக்க ஊரில் அலமாரி இழுக்கும் சத்தம். எண்ணெய் கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் கத்தரிக்கோலும் ஸ்டூலுமாக வீடு வீடாகப் போய் நான் மாட்டிய திரைகளை நானே கழற்றினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கரண்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தெரியும், உனக்குக் கண்ணு இருந்தும் இல்லன்னு" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மேஸ்திரி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சுவருக்கு நான் என்ன செய்ய?

சனிக்கிழமை காலை மேடம் சொன்னபடி வந்தார். முதல் கதவைத் தட்டினார். அது திறந்தது. ஒரு குடும்பமே குளித்து, தலைசீவி, போட்டோ எடுக்க நிற்பது போலப் படியில் நின்றது. அடுத்த கதவு. அதற்கடுத்த கதவு. தெருவின் அந்தப் பக்கத்து வரிசையும் எங்களைப் போலத்தான், முதுகைக் காட்டிக்கொண்டிருந்த வீடுகள். அங்கேயும் திறந்தார்கள். எனக்கு நேரெதிரே என் வயதுப் பெண் ஒருத்தி, கையில் மாவோடு நின்றாள். பிறந்ததிலிருந்து நான் இங்கே இருக்கிறேன். அவள் கல்யாணமாகி வந்து எத்தனை காலமோ. அவள் வீட்டுப் புகையை முகர்ந்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து அவள் கூச்சமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கிலோ மாமா வீட்டில் அத்தை நாற்காலியில் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "உக்காருங்கம்மா" என்றார் மேடம். "எண்ணிட்டு சொல்லுங்க, உக்காருறேன்" என்றார் அத்தை.

எங்கள் வீட்டில் எண்ணி முடித்ததும், மேடம் தெருவில் போகப் போக நானும் அண்ணனும் உள்பக்கம் சந்து வழியாகக் கூடவே போனோம்; ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். எல்லா வீடும் திறந்தது என்று சொல்லமாட்டேன். சிலர் கடைசி நேரத்தில் பயந்து விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வரிசைகள் முடிந்து கடைசி வீட்டுக்கு முன்னால் வந்ததும், மேடம் கூட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டியது திறந்திருந்த பக்கத்துக் கதவு வழியாக எங்களுக்குக் கேட்டது.

"பஸ் விடறதுக்கு இத்தனை பேருன்னு கணக்கு இருக்கு. கொஞ்சம்தான் குறையுது" என்றார். "அநியாயமா இருக்கு. ஆனா குறையுது."

மேஸ்திரி வீட்டில் பெரிய குடும்பம். மூன்று மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள். அவ்வளவு பேரும் ஒரு செங்கல் சுவருக்குப் பின்னால்.

மேடம் கதவைத் தட்டினார். மரம்தான் சத்தம் கொடுத்தது. இன்னொரு தடவை தட்டினார். நான் அந்த வீட்டு முன்வாசலில் போய் நின்றேன். மேஸ்திரி உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் சம்மட்டி இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறாரோ.

"அப்பாவ எடுத்துட்டுப் போனதும் பூசினது" என்றார் என்னைப் பார்க்காமல்.

அண்ணன்தான் முன்னால் வந்தான். "மேஸ்திரி, எங்க அம்மா போன கதவ நாங்க முந்தாநாள் திறந்தோம். கரண்டி ஒண்ணுதான் கிடைச்சுது. அம்மா அங்க இல்ல."

மேஸ்திரி அவன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் உன்னச் சொன்னது தப்புய்யா" என்றார். எழுந்தார். "மேடம்! போயிடாதீங்க!" என்று வீடே அதிரக் கத்திவிட்டு ஓங்கி அடித்தார்.

அவரும் மகன்களும் மாறி மாறி அடித்தார்கள். செங்கல் விழுந்தது. புழுதியில் ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை. கதவை வெளியே தள்ள வழி வந்ததும் தள்ளினார்கள். பாதி இடிந்த சுவரின் ஓட்டை வழியாக ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று.

"இது என்ன, கதவா, சுவரா?" என்றார் மேடம்.

"இடிச்சாச்சுல்ல மேடம். இப்பக் கதவுதான்."

மேடம் இருமிக்கொண்டே எண்ணினார். ஒரு குழந்தையை இரண்டு தடவை எண்ணிவிட்டாரோ என்று சந்தேகம் வந்து திரும்ப எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, அதிலிருந்த புழுதியை ஊதிவிட்டு, "பஸ்ஸ நிறுத்த முடியாது. நானே எழுதறேன்" என்றார். ஊர் போட்ட கூச்சலில் அந்தத் தெருவில் நடந்துபோன நாய் திரும்பி ஓடியது.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் வழக்கம்போல சட்டை போட்டு, தலைசீவி, கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றான். முன்வாசலுக்குப் போகவில்லை. சமையலறைக்கு வந்தான்.

"எண்ணினதுதான் முடிஞ்சுதே, அண்ணா. இப்பவும் எதுக்கு இந்த வழி?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பஸ்ஸு இங்கதானே நிக்குது? நான் என்ன பைத்தியமா?"

அவன் படியில் கால் வைத்தான், இறங்கினான், தெருவில் நின்றான். எதிர்வீட்டுப் பெண் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். பஸ் வந்தது. டிரைவர் வாயைப் பிளந்தார். "என்ன சார், சுவர்லேருந்து வரீங்க?" அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறினான்.

அப்போது என் கை தானாகக் கதவுக்குப் போனது. வண்டி நகரும் முன் சாத்த வேண்டும். அதுதானே எங்கள் கைக்குத் தெரிந்தது. பாதிக் கதவைச் சாத்திவிட்டேன். பிறகு கையை இழுத்துக்கொண்டேன். பஸ் கிளம்புவதைக் கண்ணால் பார்த்தேன். திருப்பத்தில் அது மறைகிற வரை பார்த்தேன்.

அன்றைக்கு மெஷினைத் தூக்கிச் சமையலறையில் போட்டேன். கதவை அகலத் திறந்துவைத்து அதற்கு நேரே உட்கார்ந்து தைத்தேன். தைத்தது எல்லாம் கோணல். மாமா வந்து எட்டிப் பார்த்தார். "வந்துட்டானா?" என்றார். "மணி இன்னும் ஆகல மாமா" என்றேன். மத்தியானம் மறுபடி வந்தார். மேஸ்திரி சிமெண்ட் கையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அத்தை தன் வீட்டுத் தெருக்கதவில் நாற்காலி போட்டு, பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே காத்திருந்தது.

சாயங்காலம் பஸ் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். விரலால் சுவரைத் தடவி, கதவின் விளிம்பைக் கண்டுபிடித்து, படியேறி உள்ளே வந்தான். வந்த வேகத்தில் மெஷினில் முட்டிக்கொண்டான்.

"வழியில எதுக்கு மெஷினப் போட்டே? ஆள் வர வழியில்லையா?" என்று கத்தினான். "டீ இருக்கா?"

தெருவில் அத்தை கைதட்டுவது எனக்குக் கேட்டது.